மகளின் ஒப்புதல் இல்லாத வரிக் கணக்கு

அமெரிக்காவில் ஏப்ரல் 15 நெருங்கும் நாள்களில், புதிதாகச் சம்பாதிக்கத் தொடங்கிய இளைஞர்கள் பலருக்கு ஒரு செய்தி வருகிறது. இணையவழி அனுப்பிய வருமான வரிப் படிவம் நிராகரிக்கப்பட்டது. உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண் ஏற்கெனவே வேறொருவர் தாக்கல் செய்த படிவத்தில் 'டிபெண்டன்ட்' என்ற இடத்தில் இருக்கிறது. அந்த வேறொருவர் யார் என்பதை வரித் துறை சொல்வதில்லை. பெரும்பாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இருப்பதில்லை. பிள்ளை பிறந்த காலத்திலிருந்து அந்த எண்ணைக் கையில் வைத்திருப்பவர்கள் அப்பாவும் அம்மாவும்தான்.

நம் ஊர் வாசகருக்கு இது சற்றுப் புதிராக இருக்கலாம். இந்திய வருமான வரி தனிமனிதர் மீது விழுவது. மகனுக்கு 18 வயது நிறைந்துவிட்டால் அவன் வருமானம் அவன் கணக்கு, தந்தையின் வருமானம் தந்தையின் கணக்கு. அமெரிக்காவில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே படிவம் தாக்கல் செய்யலாம். தாங்கள் பராமரிக்கும் பிள்ளைகளையும் உறவினர்களையும் அதில் சார்ந்தவர்களாக எழுதிச் சலுகை பெறலாம். பிள்ளை முழுநேர மாணவராக இருந்தால், ஆண்டு முடிவில் 24 வயது நிறையாதவரை இது செல்லும். 18 வயதில் வாக்குரிமை வந்துவிடுகிறது. ராணுவத்தில் சேரலாம், கல்விக் கடன் பத்திரத்தில் தன் பெயரில் கையெழுத்துப் போடலாம். வரிப் படிவத்தில் மட்டும் இன்னும் ஐந்தாறு ஆண்டுகளுக்கு அவரைப் பற்றி வேறொருவர் எழுதலாம். எழுதும்போது அவரைக் கேட்க வேண்டியதில்லை. என் எதிர்ப்பு இந்தக் கடைசி ஏற்பாட்டின் மீதுதான்.

நியூஜெர்சியிலும் டெக்சஸிலும் கலிஃபோர்னியாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் இந்தப் பேச்சு எழுகிறது. "இந்த வருஷம் என்னைப் போடாதீங்கப்பா, நானே ஃபைல் பண்றேன்" என்கிறாள் மகள். "இன்ஷூரன்ஸ் யார் கட்டறா? போன் பில் யார் கட்டறா?" என்கிறார் அப்பா. "வீட்டுக்குள்ள என்னடி கணக்கு?" என்கிறார் அம்மா. மகள் சட்டத்தின் முன் தன் நிலையைப் பேசுகிறாள். அப்பா செலவைப் பேசுகிறார். அம்மா உறவைப் பேசுகிறார். சட்டம் கேட்பதோ இந்த மூன்றும் அல்லாத நான்காவது ஒன்றை.

பிள்ளை என்ற முறையில் ஒருவரைச் சார்ந்தவராக எழுத அமெரிக்கச் சட்டம் சில நிபந்தனைகளை வைத்திருக்கிறது. மகனோ மகளோ ஆக இருக்க வேண்டும். உடன்பிறந்தவர், பேரப்பிள்ளை போன்ற சில உறவுகளுக்கும் இடம் உண்டு. ஆண்டு முடிவில் வயது 19-க்குக் கீழ், அல்லது அந்த ஆண்டில் ஐந்து மாதங்களாவது முழுநேரம் படித்தவர் என்றால் 24-க்குக் கீழ். ஆண்டில் பாதிக்கு மேல் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். படிப்பதற்காக விடுதியில் தங்கிய காலம் தற்காலிகம் என்பதால் அதுவும் பெற்றோர் வீட்டில் வாழ்ந்ததாகவே கொள்ளப்படும். கடைசி நிபந்தனைதான் சண்டையின் மையம்: அந்தப் பிள்ளை தன் பராமரிப்புச் செலவில் பாதிக்கு மேல் தானே ஏற்றிருக்கக் கூடாது.

இந்த நிபந்தனையைக் கவனமாகப் படிக்க வேண்டும். பெற்றோர் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அது கேட்கவில்லை. பிள்ளை எவ்வளவு செலவழித்தது என்று கேட்கிறது. முன்பு அப்படி இல்லை. பாதிக்கு மேல் தான் செலவழித்ததாகப் பெற்றோரே காட்ட வேண்டியிருந்தது. 2004-இல் வந்த சட்டம், 2005 வரியாண்டிலிருந்து இதைத் திருப்பிப் போட்டது. வெவ்வேறு சலுகைகளுக்கு 'பிள்ளை' என்பதற்கு வெவ்வேறு வரையறைகள் இருந்ததை ஒன்றாக்கி எளிமைப்படுத்துவதே நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் அதன் விளைவை யோசித்துப் பாருங்கள். கல்விக் கட்டணம் முழுவதையும் உதவித்தொகையில் கட்டி, கோடை வேலையில் சிறிது சம்பாதித்து, கட்டணத்துக்குப் பெற்றோரிடமிருந்து ஒரு டாலரும் பெறாமல் படிக்கும் மாணவி ஒருத்தி, விடுமுறைக்கு வீடு திரும்பும் வழக்கம் இருக்கும்வரை, பெற்றோரின் சார்ந்தவராகவே கணக்கிடப்படலாம். முழுநேர மாணவரான பிள்ளையின் உதவித்தொகை இந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. அது பெற்றோர் கொடுத்ததும் ஆகாது, பிள்ளையின் சம்பாத்தியமும் ஆகாது.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். எண்கள் நான் உதாரணத்துக்காக எழுதுபவை. விதிகள் வரித் துறையின் 501-ஆம் எண் கையேட்டில் உள்ளவை. மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்றாம் ஆண்டு படிக்கும் 21 வயது மகள். கட்டணம், வாடகை, சாப்பாடு, புத்தகம், மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 30,000 டாலர். அதில் 8,000 உதவித்தொகை. அதை ஒதுக்கிவிட்டால் மிச்சம் 22,000. தன் பெயரில் அவள் வாங்கிய அரசுக் கல்விக் கடன் 7,500. பகுதிநேர வேலையில் சம்பாதித்தது 9,000. அதில் 4,000-ஐ வங்கியில் போட்டுவிட்டு 5,000-ஐச் செலவழித்தாள். மீதி 9,500-ஐ அப்பா கொடுத்தார்.

மகள் பெயரில் உள்ள கடன் மகளின் செலவு. அவள்தான் திருப்பிக் கட்டப் போகிறவள். ஆக அவள் பங்கு 12,500. பாதியான 11,000-ஐத் தாண்டிவிட்டது. 9,500 டாலர் கொடுத்த அப்பா அவளைச் சார்ந்தவராக எழுத முடியாது. அதே 7,500 டாலரை அப்பா தன் பெயரில், பெற்றோருக்கான 'பிளஸ்' கடனாக வாங்கியிருந்தால்? மகளின் பங்கு 5,000-ஆகச் சுருங்கிவிடும், அவள் சார்ந்தவர். வேலையில் கிடைத்த பணத்தைச் சேமிக்காமல் எல்லாவற்றையும் செலவழித்திருந்தாளா என்பதும் கணக்கை மாற்றும். வங்கியில் கிடக்கும் பணம் பராமரிப்பு ஆகாது. சிக்கனமாக இருந்து சேமித்த பெண் சட்டத்தின் கண்ணில் இன்னும் அதிகம் சார்ந்தவள் ஆகிறாள்.

இதை எந்த அப்பா தன் அனுபவத்திலிருந்து ஊகிக்க முடியும்? எந்த மகள்தான் முடியும்? கடன் யார் பெயரில் இருக்கிறது, சம்பளத்தில் எவ்வளவு செலவானது என்ற விவரங்கள் மகளிடம் இருக்கின்றன. படிவத்தை நிரப்புபவர் அப்பா. விவரம் ஒருவரிடமும் பேனா இன்னொருவரிடமும் இருக்கும்போது, இருவரும் நல்ல மனத்தோடு இருந்தாலும் தவறு நடக்கும்.

தவறான நம்பிக்கைகள் வேறு இருக்கின்றன. மிகப் பரவலானது மருத்துவக் காப்பீட்டைப் பற்றியது. 2010-இல் ஒபாமா காலத்தில் வந்த சட்டப்படி, 26 வயது வரை பிள்ளை பெற்றோரின் காப்பீட்டில் தொடரலாம். அதற்கும் வரிக்கும் தொடர்பில்லை. திருமணமாகி, தனி ஊரில், தனி வேலையில் இருக்கும் 25 வயது மகனும் அந்தக் காப்பீட்டில் இருக்கலாம். ஆனால் "என் இன்ஷூரன்ஸில் இருக்கிறான், அதனால் என் டிபெண்டன்ட்" என்று எழுதும் பெற்றோர் நிறைய. படிப்பை முடித்து, அல்லது படிக்காமலே, வேலைக்குப் போகும் 20 வயதுப் பிள்ளையை எழுத வேறொரு வாசல் இருக்கிறது. அதில் பிள்ளையின் ஆண்டு வருமானம் 2024 வரியாண்டில் 5,050 டாலருக்குக் கீழ் இருக்க வேண்டும், செலவில் பாதிக்கு மேல் பெற்றோர் ஏற்றிருக்கவும் வேண்டும். முழுநேர வேலையில் இருப்பவர் யாரும் அந்த வாசலுக்குள் நுழைய முடியாது.

தமிழ்க் குடும்பங்கள் இங்கே இன்னொன்றையும் கவனித்திருக்கும். மாதாமாதம் கும்பகோணத்துக்கோ திருநெல்வேலிக்கோ பணம் அனுப்பி, தாயையும் தகப்பனையும் முழுக்கத் தாங்கும் மகன், அவர்களைச் சார்ந்தவர்களாக எழுத முடியாது. அமெரிக்கக் குடிமக்களாகவோ, அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய நாடுகளில் ஒன்றில் வசிப்பவர்களாகவோ இருந்தால்தான் முடியும். அவன் உண்மையில் சோறு போடும் பெற்றோர் படிவத்தில் இல்லை. தன் கடனில் தானே படிக்கும் மகள் படிவத்தில் இருக்கிறாள். யார் யாரைத் தாங்குகிறார்கள் என்ற வாழ்க்கை உண்மையும் வரிப் படிவமும் வேறு வேறு என்பதை ஏற்றுக்கொண்டால், "உன்னை வளர்த்தது நாங்கள்தானே" என்ற பதில் இந்த வழக்கில் பொருந்தாது என்பதும் புரியும். வளர்த்தது உண்மை. கேட்கப்படுவது அது அல்ல.

இந்தச் சண்டைக்கு ஒரு பிறந்த ஆண்டு உண்டு: 1987. அதற்கு முன், 1954-இன் சட்டப்படி, சம்பாதிக்கும் மாணவரும் தன் படிவத்தில் தனக்கான தனிநபர் விலக்கைப் பெறலாம், பாதிக்கு மேல் பராமரிக்கும் பெற்றோரும் அதே பிள்ளைக்காக விலக்கு பெறலாம். இருவருக்கும் கிடைத்தது, தகராறுக்கு இடமில்லை. ரீகன் ஆட்சியில் 1986-இல் வந்த பெரும் வரிச் சீர்திருத்தம் இந்த இரட்டைச் சலுகையை நிறுத்தியது. இனி ஒருவருக்கு ஒரு விலக்குதான். அதே சட்டம் ஐந்து வயது நிரம்பிய எல்லாச் சார்ந்தவர்களுக்கும் அடையாள எண்ணைக் கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டு சுமார் 70 லட்சம் 'பிள்ளைகள்' அமெரிக்க வரிப் படிவங்களிலிருந்து காணாமல் போனார்கள். இல்லாத பிள்ளைகள், இரண்டு வீட்டில் எழுதப்பட்ட பிள்ளைகள் எல்லாரும் அதில் அடக்கம். யாரும் சரிபார்க்காத இடத்தில் நேர்மையான மக்களும் எவ்வளவு தாராளமாக எழுதுவார்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. எண்ணைக் கேட்டதும் பொய்ப் பெயர்கள் போயின. உண்மையான பெயர், உண்மையான எண், ஆனால் உரிமை இல்லாத எழுத்து என்பது மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அதைத் தடுக்க எல்லாருக்குமான விதி எதுவும் இன்றுவரை இல்லை.

பணம் எவ்வளவு என்று கேட்கலாம். 2017-இல் ஒரு விலக்கின் அளவு 4,050 டாலர். 2018 முதல் அது பூஜ்யம். 2025-இல் வந்த சட்டம் அந்தப் பூஜ்யத்தை நிரந்தரமாக்கிவிட்டது. 17 வயதைத் தாண்டிய பிள்ளைக்காகப் பெற்றோருக்கு இப்போது கிடைப்பது பெரும்பாலும் 500 டாலர் வரிக் கழிவு. கல்லூரிச் செலவுக்கான 'அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி' கழிவு சேர்ந்தால்தான் பெரிய தொகை: ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500 டாலர், நான்கு ஆண்டுகள் வரை. பிள்ளையை யார் தங்கள் படிவத்தில் எழுதுகிறார்களோ அவர்களுக்குத்தான் அது.

மறுபக்கம், எழுதப்பட்டதால் பிள்ளை இழப்பது சில வீடுகளில் மிகக் குறைவு. சம்பளத்தில் மட்டும் வாழும் பிள்ளைக்கு நிலையான கழிவு ஏறக்குறைய முழுதாகவே கிடைக்கும். சார்ந்தவர் என்று எழுதப்பட்டாலும் சம்பளத்தோடு 450 டாலர் சேர்த்து, 2024-இல் உச்சமான 14,600 வரை கழித்துக்கொள்ளலாம். இதைத் தெரிந்துகொண்டால் பாதி வீடுகளில் குரல் தணியும். அப்பா தன்னை எழுதிவிட்டால் தன் சம்பளம் முழுவதற்கும் வரி என்று பயந்து சண்டை போடும் பிள்ளைகள் உண்டு. அந்தப் பயம் தேவையற்றது.

இழப்பு பெரிதாகும் இடங்கள் வேறு. பெற்றோரோடு உறவு அறுந்து, தனி அறை எடுத்து, அரசு மானியத்தோடு காப்பீட்டுச் சந்தையில் மருத்துவக் காப்பீடு வாங்கியிருக்கும் 22 வயதுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். மானியம் அவள் குறைந்த வருமானத்தை வைத்துக் கணக்கிட்டது. பெற்றோர் அவளைச் சார்ந்தவராக எழுதிவிட்டால் அந்த மானியத்தைக் கோரும் தகுதி அவளுக்கு இல்லை. முன்கூட்டியே வந்த தொகை பெற்றோரின் வருமானத்தோடு வைத்துப் பார்க்கப்பட்டு, திருப்பிக் கட்டும் நிலையும் வரலாம். கல்விக் கடனுக்குக் கட்டிய வட்டியைக் கழிக்கும் உரிமையும் சார்ந்தவருக்கு இல்லை. வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட பிள்ளை, திரும்பிப் போக வழியில்லாத பிள்ளை சட்டப்படி பெற்றோரோடு வாழ்ந்ததாகவே ஆகாது. அவர்களை எழுதுவது சட்டத்துக்கே விரோதம். ஆனாலும் எழுதப்படுகிறார்கள்.

2020-இல் இது நாடு தழுவிய புண்ணாக வெடித்தது. கொரோனா நிவாரணமாக மார்ச் மாதம் அறிவிக்கப்பட்டது பெரியவருக்கு 1,200 டாலர், 17 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 500. சார்ந்தவராக எழுதப்பட்ட கல்லூரி மாணவர் இரண்டிலும் இல்லை. அவருக்கு 1,200 கிடையாது, அவருக்காகப் பெற்றோருக்கு 500-உம் கிடையாது. உணவகத்தில் வேலை பார்த்து, அந்த வேலையும் மார்ச்சில் பறிபோன 20 வயது மாணவர், முந்தைய ஆண்டு அப்பா எழுதிய ஒரு வரியால் கையில் காசில்லாமல் நின்றார். டிசம்பரில் வந்த 600 டாலர் நிவாரணத்திலும் இதே கதை. 2020-இல் தான் உண்மையில் சார்ந்தவர் அல்ல என்றால் அந்த ஆண்டுப் படிவத்தில் தொகையைக் கோரிப் பெறலாம் என்று வழி இருந்தது; அதற்கும் அப்பா மறுபடி எழுதாமல் இருக்க வேண்டும். 2021 மார்ச்சில் 1,400 டாலர் வந்தபோது எல்லா வயதுச் சார்ந்தவர்களையும் சேர்த்தார்கள். அப்போதும் பணம் போனது பெற்றோரின் கணக்குக்கு. அதைப் பிள்ளைக்குக் கொடுத்த வீடுகளும் உண்டு, கொடுக்காத வீடுகளும் உண்டு. வீட்டுக்குள் பேசித் தீர்த்திருக்க வேண்டிய கணக்கு, அரசின் நிவாரணம் யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும் அளவுக்குப் போயிற்று.

பெற்றோர் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அது சிறியதல்ல. நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் வீட்டை அடமானம் வைத்துக் கட்டும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த வீட்டு மகன், கோடை வேலையில் பிடித்த முன்னூறு டாலர் வரியைத் திரும்பப் பெற, பிப்ரவரியில் கைப்பேசிச் செயலியில் படிவத்தை நிரப்புகிறான். "வேறு யாராவது உங்களைச் சார்ந்தவராக எழுத முடியுமா?" என்ற கேள்விக்கு இல்லை என்று தட்டிவிடுகிறான். மார்ச்சில் பெற்றோரின் படிவம் நிராகரிக்கப்படுகிறது. 2,500 டாலர் கழிவு தொங்கலில் நிற்கிறது. கேள்வியில் உள்ள 'எழுத முடியுமா' என்பதுதான் முக்கியம். பெற்றோர் எழுதினார்களா இல்லையா என்பது அங்கே கேள்வியே அல்ல. எழுதும் தகுதி அவர்களுக்கு இருந்தால் 'ஆம்' என்றுதான் மகன் சொல்ல வேண்டும். சார்ந்திருப்பது சட்டப்படி ஓர் உண்மை நிலை. அப்பா மகனுக்குத் தரும் சலுகையும் அல்ல, மகன் அப்பாவுக்குத் தரும் அனுமதியும் அல்ல. மகன் திருத்தப் படிவம் கொடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

இன்னொரு வகைக் குடும்பத்தில் பேசினால் வீட்டுக்கு மொத்தத்தில் லாபம். பெற்றோரின் கூட்டு வருமானம் 1,80,000 டாலரைத் தாண்டினால் அவர்களுக்கு அந்தக் கல்விக் கழிவே கிடைக்காது. தகவல் தொழில்நுட்ப வேலையில் இருவரும் இருக்கும் நம்மவர் வீடுகள் பலவற்றில் நிலைமை இதுதான். பெற்றோர் மகளை எழுதாமல் விட்டால், கட்டணத்தைக் கட்டியவர்கள் பெற்றோராகவே இருந்தாலும், மகள் தன் வரியிலிருந்து அந்தக் கழிவை எடுத்துக்கொள்ளலாம். அவளுக்குக் கட்டவேண்டிய வரி இருந்தால், பெற்றோர் தங்களுக்குக் கிடைக்கும் 500 டாலரை விட்டுக்கொடுப்பது அவளுக்கு நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரக்கணக்கில் மிச்சம். பழக்கத்தினால் எழுதி, யாருக்கும் கிடைக்காமல் போகும் பணம் இது.

ஆனால் என்னை மிகவும் வருத்துவது வரித் துறையின் கணக்கல்ல. கல்வி உதவித்துறையின் கணக்கு. அமெரிக்கக் கல்லூரிகளில் அரசு உதவி பெற 'ஃபாஃப்சா' என்ற விண்ணப்பம் நிரப்ப வேண்டும். அங்கே சார்ந்தவர் என்பதற்கு வேறொரு வரையறை. இளநிலை மாணவர் 24 வயதை எட்டும்வரை பெற்றோரின் வருமான விவரத்தைக் காட்டியே ஆக வேண்டும். திருமணம், ராணுவப் பணி, சொந்தப் பிள்ளை, அனாதை நிலை போன்ற சில விலக்குகள் உண்டு. ஒரு காலத்தில் தன் சம்பாத்தியத்தைக் காட்டித் தனித்து வாழ்பவர் என்று நிரூபிக்கும் வழி இருந்தது. 1992 திருத்தம் அதையும் அடைத்தது. பெற்றோர் வரிப் படிவத்தில் எழுதவில்லை என்பதோ, ஒரு டாலரும் தருவதில்லை என்பதோ, தனியாக வாழ்கிறார் என்பதோ போதாது. பெற்றோர் விவரம் தர மறுத்தால் மாணவருக்கு மிஞ்சுவது வட்டி உடனே ஓடத் தொடங்கும் மானியமற்ற கடன் மட்டும். முதலாண்டு மாணவர் சார்ந்தவர் என்றால் கடன் வரம்பு 5,500 டாலர், தனித்தவர் என்றால் 9,500. ஆண்டுக்கு 7,395 டாலர் வரை கிடைக்கக்கூடிய பெல் உதவித்தொகைக்கு வழியே இல்லை.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 21 வயதில், தன் வாடகையைத் தானே கட்டும் இளைஞர் வரித் துறைக்குத் தனித்தவர். வரி கட்டச் சொல்கிறது. கல்வித் துறைக்குச் சார்ந்தவர். பெற்றோரின் பணத்தைக் காட்டச் சொல்கிறது. அந்தப் பணம் அவருக்கு வருவதில்லை. வரிப் படிவத்தில் அவரை எழுதிச் சலுகை பெற்றுக்கொண்டு, ஃபாஃப்சாவில் கையெழுத்துப் போட மறுக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். வளர்ப்பின் பலனை எடுத்துக்கொண்டு கடமையைக் கைவிடும் செயல் அது. எந்தச் சொல்லாலும் அதை மென்மையாக்க நான் தயாராக இல்லை.

தகராறு வந்தபின் என்ன நடக்கிறது? இணையவழி மறுக்கப்பட்ட இளைஞர் படிவத்தை அச்சிட்டு அஞ்சலில் அனுப்புகிறார். திரும்ப வரவேண்டிய பணம் மாதக்கணக்கில் தாமதமாகிறது. பிறகு இருவருக்கும் 'சிபி87ஏ' என்ற கடிதம் போகிறது: இந்த எண் இரண்டு படிவங்களில் இருக்கிறது, தவறு உங்களுடையது என்றால் திருத்துங்கள். இருவரும் திருத்தாவிட்டால் தணிக்கை. வாடகை ஒப்பந்தம், பள்ளிப் பதிவு, வங்கி அறிக்கை, ரசீதுகள். அசட்டையாகத் தவறாகக் கோரியது தெரிந்தால் கல்விக் கழிவு போன்றவற்றை இரண்டு ஆண்டுகளுக்குக் கோர முடியாது. மோசடி என்றால் பத்து ஆண்டுகள். தண்டனை கடுமையானதுதான். ஆனால் அந்தத் தண்டனையை அப்பாவின் மீது வரவழைக்க மகள் தன் சொந்த அப்பாவுக்கு எதிராகப் படிவம் அனுப்ப வேண்டும். பெரும்பாலான மகள்கள் அதைச் செய்வதில்லை, விட்டுவிடுகிறார்கள். சட்டத்தைக் காப்பாற்றும் பொறுப்பை, அதைச் செயல்படுத்தினால் வீட்டை இழக்கக்கூடிய ஒருவர் தலையில் வைத்திருக்கிறார்கள்.

இதற்குத் தீர்வு தொலைவில் இல்லை. 18 வயது நிரம்பிய ஒருவரைச் சார்ந்தவராக எழுத அவருடைய ஒப்புதல் படிவத்தோடு இருக்க வேண்டும். இதைப் புதுமை என்று யாரும் சொல்ல முடியாது. விவாகரத்தான பெற்றோரில் பிள்ளை யாருடன் வாழ்கிறதோ அவர், மற்றவர் எழுதிக்கொள்ள அனுமதிக்கும்போது 8332 என்ற எண்ணுள்ள படிவத்தில் கையெழுத்திட்டுத் தருகிறார். இரண்டு பெரியவர்களுக்கு இடையே கையெழுத்து வேண்டும் என்று சட்டம் கருதுகிறது. மூன்றாமவரும் பெரியவராகிவிட்ட பிறகு அவர் கையெழுத்தைக் கேட்பதில்லை. 2024–25 கல்வியாண்டிலிருந்து ஃபாஃப்சாவில் மாணவரும் பெற்றோரும் தங்கள் வரி விவரத்தைப் பகிரத் தனித்தனியே ஒப்புதல் தர வேண்டும். தராவிட்டால் உதவி இல்லை. ஆக ஒரே குடும்பத்தின் பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே ஒப்புதல் வாங்கும் ஏற்பாடு அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது.

வரித் துறைக்குள்ளேயே ஒரு கருவியும் இருக்கிறது. அடையாளத் திருட்டைத் தடுக்க ஆண்டுதோறும் மாறும் ஆறு இலக்க 'ஐபி பின்' எண்ணை அடையாளத்தை நிரூபிக்கும் எவரும் 2021 முதல் கேட்டுப் பெறலாம். அந்த எண் வைத்திருக்கும் ஒருவரைச் சார்ந்தவராக எழுதி இணையவழி அனுப்பினால், அவருடைய அந்த ஆண்டுக்கான எண்ணும் உடன் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் படிவம் நிராகரிக்கப்படும். அதாவது ஜனவரியில் எண்ணை வாங்கி வைத்திருக்கும் மகளிடம் அப்பா கேட்டுத்தான் எழுத முடியும். திருடர்களுக்காகச் செய்த பூட்டு இங்கே மகளுக்கும் உதவுகிறது. ஆனால் அப்பா தாளில் அனுப்பினால் தாமதம் மட்டுமே ஆகும். தெரிந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும் பாதுகாப்பு உரிமை ஆகாது. எல்லாருக்குமான விதியாக அதை எழுத வேண்டும்.

மறுப்பு ஒன்று வரும். ஒப்புதலைக் கட்டாயமாக்கினால், பெற்றோரின் பணத்தில் முழுக்க வாழும் பிள்ளை கோபத்தில் கையெழுத்துப் போட மறுக்காதா? மறுக்கலாம். அப்போது பெற்றோர் 501-ஆம் கையேட்டில் உள்ள பராமரிப்புக் கணக்குத் தாளை நிரப்பி, ரசீதுகளோடு கோரட்டும். வரித் துறை பார்த்து முடிவு செய்யட்டும். இன்று மகள் சுமக்கும் நிரூபணப் பாரத்தைச் சலுகை கோருபவர் சுமப்பார். ரசீதுகள் அவரிடம்தான் இருக்கும் என்பதால் அவருக்கு அது எளிதும்கூட. கல்வி உதவியிலும் இதே கணக்கு செல்ல வேண்டும்: தான் பாதிக்கு மேல் ஏற்பதாக வரித் துறை ஒப்புக்கொண்ட மாணவரை, இரண்டு ஆண்டு தொடர்ந்து அப்படி இருந்தால், ஃபாஃப்சா தனித்தவராகக் கொள்ளட்டும். வசதியுள்ள குடும்பங்கள் இதைத் தவறாகப் பயன்படுத்தும் என்ற அச்சத்தில்தான் பழைய வழி அடைக்கப்பட்டது. அந்த அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. ஆனால் இப்போது இரண்டு துறைகளும் ஒரே வரித் தரவை நேரடியாகப் பகிர்கின்றன. 1992-இல் காகிதத்தில் சரிபார்க்க முடியாததை இன்று பார்க்க முடியும்.

சட்டம் மாறும்வரை வீடுகளில் செய்யக்கூடியது சிறிய வேலை. ஜனவரி இறுதியில் சம்பளச் சான்றான டபிள்யூ-2 படிவமும், கல்லூரி அனுப்பும் 1098-டி படிவமும் வந்துவிடும். அந்த வாரத்தில் மூவரும் உட்கார்ந்து, கடன் யார் பெயரில், செலவு எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதினால் விடை அங்கேயே தெரிந்துவிடும். பிள்ளை தன் வங்கிக் கணக்கை அப்பாவிடம் காட்டத் தயங்கலாம். அப்பா தான் கொடுத்ததைப் பட்டியலிடக் கூச்சப்படலாம். மகளுக்குச் செய்ததைக் கணக்கெழுதுவதா என்று கேட்கும் அம்மாவின் தயக்கம் எனக்குப் புரிகிறது. அந்தத் தாளில் அன்பு எழுதப்படுவதில்லை. கடந்த ஆண்டு வாடகை எந்தக் கணக்கிலிருந்து போனது என்பது மட்டுமே எழுதப்படுகிறது. மகள் பாதிக்கு மேல் தானே ஏற்றிருந்தால், அந்த ஆண்டுக்கு அவளை எழுதாமல் விட்டு, பிப்ரவரியிலேயே அவளைத் தாக்கல் செய்யச் சொல்லிவிடலாம்.